எசேக்கியாவின் நாட்டு வளம்

வில்லுப்பாட்டில் மேடையேறிய கையோடு கதைக்குள் நுழைந்துவிட முடியாது. காப்பு, வருபொருள், குருவடி, அவையடக்கம், நாட்டு வளம் என்று படிப்படியாக ஏறித்தான் கதைக்கூற்றுக்கு வரவேண்டும். கதை முடிந்தால் வாழி. சுடலைமாடன் கொடையிலும் முத்தாரம்மன் கொடையிலும் காலகாலமாக இருந்துவரும் இந்த வரிசையைத்தான் வேதக்கதை பாடுகிற நாங்களும் வைத்திருக்கிறோம். பிள்ளையார் காப்பு இருக்கும் இடத்தில் திரித்துவ வணக்கம் வரும். மற்றபடி அதே வில், அதே குடம், அதே உடுக்கை.

இதில் அவையடக்கம் ஒரு வேடிக்கையான உறுப்பு. நான் சிறியவன், படிப்பில்லாதவன், குரலும் சரியில்லை, குற்றம் குறை இருந்தால் சபையோர் பொறுத்துக்கொள்ளவேண்டும் என்று புலவன் பணிந்து பாடுவது அது. ஆனால் அதைப் பாடும்போதுதான் அவன் தன் குரலை முழுக்க இறக்கிக் காட்டுவான். எனக்குத் தொழில் சொல்லித்தந்த அண்ணாவி அதைக் கல்யாணியில் எடுப்பார். ‘குரலில்லாதவன்’ என்கிற சொல்லில் நின்று அவர் சுற்றுகிற சுற்றைக் கேட்கவே பக்கத்து ஊரிலிருந்து சைக்கிளில் ஆட்கள் வருவார்கள். முன்வரிசையில் இருக்கிற பெரியவர்கள் தலையாட்டிக்கொண்டே சிரிப்பார்கள். அது தாழ்மை இல்லை என்பது அவருக்கும் தெரியும், கேட்பவர்களுக்கும் தெரியும். அதனால் யாருக்கும் கெடுதலும் இல்லை.

இப்படி ஒரு தொழிலில் இருந்துகொண்டு பெருமையைப் பற்றிக் கதை சொல்வது கொஞ்சம் கூசத்தான் செய்யும். ஆனால் பெருமைக்காரர்கள்தான் எங்களுக்குச் சோறு போடுகிறவர்கள். பிரதிஷ்டைப் பண்டிகை, அசனம், ஸ்தோத்திரப் பண்டிகை என்று எந்த ஊரில் கூப்பிட்டாலும் கேட்கிற கதைகளை எண்ணிப் பாருங்கள். கோலியாத், ஆமான், நேபுகாத்நேச்சார், பெல்ஷாத்சார். எல்லாம் வாய் நீண்டவர்கள். வில்லடிப்பவனுக்கு இவர்களைவிட நல்ல பாத்திரம் கிடையாது. கோலியாத் ஆறு முழமும் ஒரு சாணும் உயரம், மார்க்கவசம் மட்டும் ஐயாயிரம் சேக்கல் வெண்கலம், காலையும் மாலையும் நாற்பது நாள் வந்து நின்று சவால் விட்டான். இதைச் சொல்லும்போது வீசுகோலை ஓங்கி அடித்தால் போதும், பிள்ளைகள் பாயைவிட்டு எழுந்து நின்றுவிடும். ஏரோது கதையில் வெள்ளி உடுப்பு உண்டு. அப்போஸ்தலர் நடபடிகளில் ராஜவஸ்திரம் என்று மட்டும்தான் இருக்கிறது. அது வெள்ளி இழையில் நெய்தது, காலை வெயிலில் கண்ணைப் பறித்தது என்று எழுதியவர் யூத சரித்திரக்காரர் யோசேபஸ். அந்த வெயிலை விட்டுவிட எந்தப் புலவனுக்கு மனம் வரும்?

இவர்களுடைய கதையெல்லாம் ஒரே வார்ப்பு. வாய் திறக்கும், பெருமை வரும், விழுவான். கேட்கிறவர்களுக்கும் ஒரு நிம்மதி உண்டு. கோலியாத்தைப்போல நம்மில் யார் இருக்கிறோம்? நேபுகாத்நேச்சாரைப்போல அரண்மனை மாடியில் உலாவிக்கொண்டு பேச நமக்கு ஏது அரண்மனை? கதை முடிந்ததும் ஜனங்கள் சந்தோஷமாக அசனச் சோற்றுக்குப் போய்விடுவார்கள்.

நேபுகாத்நேச்சாரைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அவனைப் பொய்க்காரனாகப் பாடுகிற புலவர்கள் உண்டு. அது தவறு. மாபெரும் பாபிலோனைக் கட்டினது நான் என்று அவன் சொன்னது சுத்தமான உண்மை. 1899-இல் ஜெர்மானியர் கோல்டவே அங்கே தோண்டத் தொடங்கியபோது, அவனுடைய பெயர் குத்திய செங்கல்கள் குவியல் குவியலாக வந்தன. நபோபொலாசரின் மகன் நேபுகாத்நேச்சார் என்று செங்கலுக்குச் செங்கல் முத்திரை. நீல ஓடு பதித்த இஷ்தார் வாசலைப் பெர்லினில் கொண்டுபோய்ப் பொருத்தி வைத்திருக்கிறார்கள். செய்யாததைச் செய்தேன் என்று சொல்லி அவன் புல் மேயப் போகவில்லை, செய்ததைச் சொல்லித்தான் போனான். இதைச் சொன்னவுடன் சபையில் ஒரு சின்ன அசைவு வரும். பொய் பேசாதவனுக்கும் இந்தத் தண்டனையா என்று. அந்த அசைவைப் பிடித்துக்கொண்டு போகக்கூடிய கதை வேறொன்று உண்டு. அதைத்தான் இங்கே எழுத உட்கார்ந்தேன்.

எசேக்கியா ராஜாவின் கதை. யாரும் கேட்டு வாங்குகிற கதை இல்லை. அண்ணாவி தன் காலத்தில் எப்போதாவதுதான் பாடினார். எனக்குச் சொல்லித்தரும்போதும் எல்லாக் கதையும் முடிந்த பிறகு கடைசியாகத்தான் தந்தார். “இதுல சத்தம் கிடையாதுடே. சத்தம் இல்லாம சபையை இருத்தி வைக்கப் படிச்சுக்கோ, பொறவு பாடு” என்றார்.

சத்தமில்லை என்று அவர் சொன்னது, இந்தக் கதையில் ராஜா ஒரு வார்த்தைகூடப் பெருமை பேசுவதில்லை என்பதைத்தான். எசேக்கியா நல்லவன். யூதாவின் ராஜாக்களில் அவனைப்போல முன்னும் இல்லை பின்னும் இல்லை என்று ராஜாக்கள் புத்தகம் கொண்டாடுகிற மனிதன். மேடைகளை இடித்தான், பஸ்காவை மறுபடி கொண்டாட வைத்தான், எருசலேமுக்குத் தண்ணீர் கொண்டுவந்தான். அந்தத் தண்ணீர்ச் சுரங்கம் இன்னும் இருக்கிறது. கீகோன் ஊற்றிலிருந்து சீலோவாம் குளம்வரை பாறையைக் குடைந்து 533 மீட்டர். இரண்டு பக்கத்திலிருந்தும் ஆட்கள் தோண்டிக்கொண்டு வந்து நடுவில் சந்தித்திருக்கிறார்கள். நேராகப் போகாமல் வளைந்து வளைந்து போகிறது, ஆனாலும் சந்தித்துவிட்டார்கள். எதிர்ப்பக்கத்து ஆளின் குரல் பாறைக்குள்ளிருந்து கேட்டதையும், உளியோடு உளி முட்டியதையும், பிறகு தண்ணீர் ஓடியதையும் அந்தச் சுவரிலேயே வெட்டி வைத்தார்கள். 1880-இல் அங்கே குளிக்கப் போன ஒரு பையன் கண்ணில் பட்டது அந்த எழுத்து. துருக்கியர் ஆட்சிக் காலம் என்பதால் கல்வெட்டு இன்று இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அந்தக் கல்வெட்டில் கிடைத்திருக்கிற வரிகளில் ராஜாவின் பெயர் இல்லை. தோண்டிய ஆட்களைப் பற்றித்தான் இருக்கிறது. எந்த ராஜா இப்படி விடுவான்? பாபிலோனில் செங்கலுக்குச் செங்கல் பெயர். இங்கே மலையைக் குடைந்த வேலைக்கு ராஜா பெயர் இல்லை. இதை நான் கதையின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவேன். எசேக்கியா எப்படிப்பட்டவன் என்பதைக் கேட்பவர்கள் நம்பிக்கொண்டால்தான் பின்னால் வருவது உறைக்கும்.

எதிரி யார் என்பதையும் சொல்லியாகவேண்டும். அசீரியாவின் சனகெரிப். கி.மு. 701-இல் யூதாவுக்குள் இறங்கினான். பெருமை பேசுவதை ஒரு ராஜாங்க வேலையாகவே நடத்திய நாடு அது. அவனுடைய படையெடுப்புகளை எழுதிய ஆறுபட்டைக் களிமண் தூண் ஒன்று லண்டனில் இருக்கிறது. அதேபோன்ற படிகள் சிகாகோவிலும் எருசலேமிலும் உண்டு. யூதாவின் 46 அரணான பட்டணங்களைப் பிடித்தேன், எசேக்கியாவைக் கூண்டுக்குள் பறவையைப்போல எருசலேமில் அடைத்தேன் என்று அதில் சொல்லிக்கொள்கிறான். அடைத்தேன் என்கிறானே ஒழிய பிடித்தேன் என்று சொல்லவில்லை. நினிவே அரண்மனைச் சுவரில் அவன் செதுக்கி வைத்ததும் லாகீஸ் பட்டணத்தை விழுத்தாட்டிய காட்சியைத்தான். கடைசியில் கி.மு. 681-இல் பெற்ற பிள்ளைகள் கையாலேயே செத்தான்.

அவன் அனுப்பிய ரப்சாக்கே இருக்கிறானே, அவன் எங்கள் குழுவின் செல்லம். வண்ணார் துறை வழியில், மேல்குளத்துக் கால்வாய் ஓரத்தில் நின்றுகொண்டு எருசலேம் மதிலைப் பார்த்துப் பேசுகிறான். இரண்டாயிரம் குதிரை தருகிறேன், ஏறுவதற்கு ஆள் இருக்கிறதா உன்னிடம் என்கிறான். ராஜாவின் ஆட்களான எலியாக்கீமும் கூட இருந்தவர்களும், ஐயா, ஜனங்கள் காதில் விழ வேண்டாம், சீரிய பாஷையில் பேசும் என்று கெஞ்சுகிறார்கள். உடனே அவன் யூத பாஷையிலேயே இன்னும் சத்தமாக ஆரம்பிக்கிறான். இந்த இடத்தில் உடுக்கைக்காரருக்கு நல்ல வேலை. மதில்மேல் இருக்கிற ஜனங்கள் ஒரு வார்த்தை பதில் பேசவில்லை, பேசவேண்டாம் என்பது ராஜாவின் கட்டளை. நானும் அந்த இடத்தில் பின்பாட்டுக்காரரை ‘ஆமா’ போடவிடமாட்டேன். ரப்சாக்கே தனியாகக் கத்திக்கொண்டு நிற்பான்.

வேதப்புத்தகத்தில் முற்றுகை முன்னால் வருகிறது, ராஜாவின் வியாதியும், பாபிலோன் தூதர் வந்து அவன் பொக்கிஷத்தைப் பார்ப்பதும் பின்னால் வருகின்றன. அப்படியே பாடினால் ஒரு சிக்கல் உண்டு. சனகெரிப்புக்குக் கப்பம் கட்ட எசேக்கியா முந்நூறு தாலந்து வெள்ளியும் முப்பது தாலந்து பொன்னும் கொடுத்தான், ஆலயக் கதவில் இருந்த பொன் தகட்டைக்கூட உரித்துக் கொடுத்தான் என்று ராஜாக்கள் புத்தகமே சொல்கிறது. களிமண் தூணிலும் பொன் முப்பதுதான், வெள்ளியை மட்டும் சனகெரிப் எண்ணூறு என்று ஏற்றிச் சொல்கிறான். கதவுத் தகட்டையே உரித்துக் கொடுத்தவன் பிற்பாடு தூதர்களுக்குக் காட்டப் பொக்கிஷம் எங்கிருந்து வந்தது? ஆகவே தூதர் வந்தது முற்றுகைக்கு முன்னால்தான் இருக்கவேண்டும். வியாதிப் படுக்கையில் கிடந்த ராஜாவிடம் ஏசாயா தீர்க்கதரிசி சொல்லும்போது, இனிமேல் அசீரிய ராஜாவின் கைக்கு இந்த நகரத்தைத் தப்புவிப்பேன் என்றுதான் வாக்கு வருகிறது. எசேக்கியா ஆண்டது 29 வருஷம். வியாதிக்குப்பின் கூட்டிக் கிடைத்தது 15 வருஷம். கழித்தால் பதினாலு. சனகெரிப் வந்ததும் பதினாலாம் வருஷம்.

இந்தக் கணக்கெல்லாம் வில்லுப்பாட்டுக்கு எதற்கு என்று கேட்கலாம். கொடைக்குப் பாடுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. எங்கள் சபை கையில் புத்தகத்தை வைத்துக்கொண்டு கதை கேட்கிற சபை. நான் பாடப்பாட ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் யாராவது ஒருவர் மூன்றாம் வரிசையில் அதிகாரத்தைப் புரட்டிக்கொண்டே இருப்பார். வரிசையை மாற்றிப் பாடினால் ஏன் மாற்றினேன் என்று அவருக்கு அங்கேயே சொல்லியாகவேண்டும். சொல்லிவிட்டால் அவரே நம் பக்கம் வந்துவிடுவார்.

இனி கதைக்கு வருகிறேன். ராஜா வியாதிப்படுகிறான், பிழைக்கமாட்டாய் என்று தீர்க்கதரிசி வந்து சொல்லிவிட்டுப் போகிறார். ராஜா சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுகிறான். ஏசாயா பாதி முற்றத்தைத் தாண்டுமுன்னே திரும்பிப் போ என்று வார்த்தை வருகிறது. அத்திப்பழ அடையைப் பிளவையின்மேல் போடுகிறார்கள், பதினைந்து வருஷம் கூடுகிறது. அதற்கு அடையாளமாக ஆகாஸின் சூரிய கடியாரத்தில் நிழல் பத்துப் பாகை பின்னுக்குப் போகிறது. நிழல் முன்னால் போவது லேசு, பின்னால் போகட்டும் என்று ராஜாவே கேட்டு வாங்கிய அடையாளம் அது. எருசலேமின் ஓபேல் மேட்டில் கிடைத்த விரல்நக அளவு களிமண் முத்திரை ஒன்றில், யூதாவின் ராஜா ஆகாஸின் மகன் எசேக்கியாவுடையது என்று எழுத்து இருக்கிறது. நடுவில் இறக்கை வைத்த ஒரு சூரியன். அந்தச் சூரியன் அக்காலத்து ராஜ முத்திரைகளில் வருகிறதுதான், வியாதிக் கதைக்கும் அதற்கும் முடிச்சுப் போட எனக்கு உரிமை இல்லை. ஆனால் மேடையில் அதைச் சொல்லாமல் இருக்க என்னால் முடிந்ததில்லை.

பிழைத்த செய்தி பாபிலோன்வரை போகிறது. மெரோதாக்பலாதான் கடிதமும் காணிக்கையும் கொடுத்துத் தூதரை அனுப்புகிறான். இவன் கல்தேயன், அசீரியாவின் தீராத பகையாளி. கி.மு. 721-இல் பாபிலோன் சிங்காசனத்தில் ஏறி 710-இல் துரத்தப்பட்டு, 703-இல் மறுபடி வந்து சில மாதம் உட்கார்ந்தான். அப்படிப்பட்டவன் எருசலேமுக்கு ஆள் அனுப்புவது நலம் விசாரிக்க மட்டுமா? அசீரியாவுக்கு எதிராகச் சேர்ந்து நிற்க எவனிடம் என்ன இருக்கிறது என்று பார்க்கத்தான். எசேக்கியா ஆயுதசாலையையும் காட்டியதற்கு இதுதான் காரணம், இது கூட்டணிப் பேச்சு, இதில் பெருமை எங்கே வந்தது என்று படித்தவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் நாளாகமம் இன்னொரு காரணத்தையும் சொல்கிறது. தேசத்தில் நடந்த அற்புதத்தைப் பற்றி விசாரிக்கவே தூதர் வந்தார்களாம். பாபிலோன் நட்சத்திரம் பார்க்கிற நாடு. நிழல் பின்னால் போனது என்றால் அவர்களுக்குத் தூக்கம் வருமா?

என் கணக்கில் கதை முழுவதும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. அவர்கள் கேட்க வந்தது நிழலைப் பற்றி. அவன் காட்டியது வெள்ளியை. நிழல் திரும்பியதில் அவனுக்குச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை, படுக்கையில் கிடந்து அழுததைத் தவிர. அதைச் சொல்லவேண்டுமானால் அழுததையும் சொல்லவேண்டும், பிளவையையும் அத்திப்பழ அடையையும் சொல்லவேண்டும். பொக்கிஷசாலையில் அந்தத் தொந்தரவு இல்லை.

ஒருமுறை குடம் அடிக்கிற பையன், புதிதாகச் சேர்ந்தவன், ஒத்திகையில் கேட்டான். “அண்ணாச்சி, வீட்டுக்கு வந்தவங்களுக்கு ராஜா வீட்டைச் சுத்திக் காட்டுனாரு. எங்க அம்மையும்தான் காட்டுவா. இதுல என்ன பாவம்?”

“பாவம்னு நான் எங்கடே சொன்னேன்? நீ குடத்தை அடி, எந்த இடத்துல சங்கடமா இருக்குன்னு பாப்போம்” என்றேன்.

இதைப் பாடுகிற முறையை அண்ணாவியிடமிருந்து கொஞ்சமும் என் புத்தியில் கொஞ்சமுமாக அமைத்துக்கொண்டேன். மற்றக் கதைகளில் அவையடக்கம் முடிந்ததும் நாட்டு வளம் பாடுவோம். மலை வளம், ஆற்று வளம், வயல் வளம், நகர் வளம் என்று எந்தத் தேசத்துக் கதையானாலும் தாமிரபரணித் தண்ணீரைப் பாய்ச்சிவிடுவோம். எசேக்கியா கதையில் மட்டும் அந்த இடத்தில் நாட்டு வளத்தைப் பாடாமல் தாண்டிவிடுவேன். பழகிய காதுகள் கவனிக்கும். என்ன, வளம் பாடவில்லையே என்று பார்ப்பார்கள். தூதர் வந்து இறங்கியபின், ராஜா எழுந்து முதல் கதவைத் திறக்கும்போது, விட்டுவைத்த நாட்டு வளத்தை அவன் வாயில் எடுப்பேன்.

முதல் கதவு வெள்ளி. இரண்டாவது பொன். மூன்றாவதில் கந்தவர்க்கங்கள். அடுத்தது பரிமளத் தைலம். பிறகு ஆயுதசாலை. ஒவ்வொரு கதவுக்கும் குடத்தில் ஒரு தட்டு, வில்லில் மணி ஒரு குலுங்கல், அதற்குப்பின் வளம். வேதத்தில் இது ஒரே வசனம். நான் கால்மணி நேரம் பாடுவேன். சந்தம் ஏற ஏற ஜனங்கள் தொடையில் தாளம் போட ஆரம்பிப்பார்கள். அடுத்த கதவு எப்போது திறக்கும் என்று அவர்களுக்கே ஆசை வந்துவிடும். ராஜாவின் குரலில் ஆணவம் ஒரு துளியும் இருக்கக்கூடாது. மகிழ்ச்சிதான் இருக்கவேண்டும். செத்துப் பிழைத்தவன், தூரத்திலிருந்து விருந்தாளி வந்திருக்கிறான், பெரிய மனிதன் ஒருவன் நம்மையும் ஒரு ஆளாக மதித்துக் கடிதம் எழுதியிருக்கிறான் என்கிற மகிழ்ச்சி. வில்லனாகப் பாடினால் கதை செத்தது. இளைய புலவர்கள் சிலர் இங்கே மீசையை முறுக்கிக்கொள்கிறார்கள். அது ரப்சாக்கேயின் மீசை, எசேக்கியாவுக்கு ஒட்டாது.

தன் வீட்டிலும் ராஜ்யத்திலும் அவன் காட்டாத பொருள் ஒன்றும் இல்லை என்று கதை சொல்கிறது. தூதர்கள் என்ன பேசினார்கள் என்று ஓரிடத்திலும் இல்லை. நானும் அவர்களுக்கு ஒரு வரி வசனம்கூட வைக்கவில்லை. பார்த்துக்கொண்டே போகிறார்கள், அவ்வளவுதான்.

பிறகு ஏசாயா வருகிறார். தீர்க்கதரிசி வந்தால் உடுக்கையை உறுமவிடுவது எங்கள் வழக்கம். இங்கே கூடாது. வாத்தியம் எல்லாம் நின்றுவிடவேண்டும். அவர் கேட்பது சாதாரணமான கேள்விகள், வீட்டுப் பெரியவர் கேட்கிற மாதிரி. அந்த மனுஷர் என்ன சொன்னார்கள்? எங்கிருந்து வந்தார்கள்? ராஜா பதில் சொல்கிறான்: தூரதேசமாகிய பாபிலோனிலிருந்து வந்தார்கள் என்று. இரண்டாவது கேள்விக்குப் பதில் வந்துவிட்டது. முதல் கேள்விக்கு வரவே இல்லை. கடைசிவரையில் வருவதில்லை. ஏசாயா அதை விட்டுவிட்டு மூன்றாவதைக் கேட்கிறார், உம்முடைய வீட்டில் என்ன பார்த்தார்கள் என்று. எல்லாவற்றையும் பார்த்தார்கள் என்கிறான்.

‘என்ன சொன்னார்கள்’ என்ற கேள்வியைத் தாண்டி, ‘தூரதேசம், பாபிலோன்’ என்கிறானே, அந்த இரண்டு சொல்லைச் சொல்கிறபோது புலவன் குரலில் லேசான ஒரு நிமிர்வு வேண்டும். கொஞ்சம் கூடினாலும் கெட்டுப்போகும். அண்ணாவி அந்த இடத்தில் தோளில் கிடக்கும் துண்டை ஒருதரம் சரிசெய்துகொள்வார். வேறொன்றும் செய்யமாட்டார். என்னால் அந்தத் துண்டை அவரைப்போலத் தொட முடியவில்லை, அதனால் நான் வேறு வழி வைத்திருக்கிறேன். பின்பாட்டுக்காரரிடம் இந்தக் கேள்வி பதிலுக்கு ‘ஆமா’ சொல்லக்கூடாது என்று முன்னமே சொல்லிவைத்திருப்பேன். கதை தொடங்கியதிலிருந்து ஒவ்வொரு வரிக்கும் ‘ஆமா’ கேட்டுப் பழகிய சபை. திடீரென்று அது நின்றால் காது தேடும். தூரதேசம் என்கிறான் ராஜா, ஆமா இல்லை. பாபிலோன் என்கிறான், ஆமா இல்லை. எல்லாம் பார்த்தார்கள் என்கிறான். பின்வரிசையில் பேசிக்கொண்டிருந்த பெண்கள்கூட நிமிர்ந்து பார்ப்பார்கள்.

குடக்காரப் பையன் இந்த இடத்தில்தான் கையை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

தீர்ப்பு வருகிறது. நீ காட்டிய எல்லாம் ஒருநாள் பாபிலோனுக்குப் போகும், உன் வித்தில் பிறக்கும் பிள்ளைகளில் சிலர் அந்த அரண்மனையில் வேலைக்காரராக நிற்பார்கள் என்று. இதற்கு ராஜா சொல்லுகிற பதில்தான் இந்தத் தொழிலில் எனக்கு மிகவும் கஷ்டமான வரி. சொன்ன வார்த்தை நல்லது, என் நாட்களில் சமாதானம் இருக்குமே என்கிற பொருளில் ஒன்று சொல்கிறான். அதை எப்படிச் சொல்வது? ஒரு சேகரகுரு ஐயா, இது பணிவு, தேவ சித்தத்துக்குத் தலைவணங்குகிறான், அப்படித்தான் பாடவேண்டும் என்றார். அவருக்கு ஆதாரம் இருந்தது, மனமேட்டிமையான எசேக்கியா தன்னைத் தாழ்த்தினான், அவன் நாட்களில் கோபம் வரவில்லை என்று நாளாகமத்தில் இருக்கிறது. வேறொரு ஊரில் ஒரு பாட்டி, மேடைக்குப் பின்னால் வந்து, “பிள்ளைய தூக்கிட்டுப் போவான்னு சொல்லுதாரு, எம் காலத்துல இல்லல்லான்னு சந்தோசப்படுதானே, இவன்லாம் ஒரு தகப்பனா?” என்று கேட்டாள். இரண்டு பேர் சொன்னதும் அந்த ஒரு வரிக்குள் இருக்கிறது. நான் அதை ராகமில்லாமல், பேச்சாகவே சொல்லி நகர்ந்துவிடுகிறேன். எந்தப் பக்கமும் சாய்க்காமல் சொல்வதற்குப் பல வருஷம் பிடித்தது. பணிவாகவும் கேட்கும், தன்னலமாகவும் கேட்கும். கேட்பவரின் வயதைப் பொறுத்து மாறும் என்று நினைக்கிறேன்.

பாட்டியின் கோபத்துக்கு இன்னொரு நியாயமும் உண்டு. மனாசே ராஜாவாகும்போது பன்னிரண்டு வயது. அப்படியானால் அவன் பிறந்தது அந்தக் கூட்டிக் கொடுத்த பதினைந்து வருஷத்துக்குள். தகப்பன் இடித்த மேடைகளையெல்லாம் திரும்பக் கட்டி 55 வருஷம் ஆண்டான். இதை நான் மேடையில் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போவேன், விரித்தால் அது தனிக்கதை.

பொருட்கள் போன வழியை மட்டும் கொஞ்சம் பாடுவேன். கி.மு. 597-இலும் 586-இலும் நேபுகாத்நேச்சார் எருசலேமைக் கொள்ளையிட்டுப் பொக்கிஷங்களைப் பாபிலோனுக்குக் கொண்டுபோனான். செங்கலில் பெயர் குத்திய அதே ஆள். ஆலயத்துப் பாத்திரங்களைப் பெல்ஷாத்சார் விருந்தில் எடுத்துவரச் சொல்லித் திராட்சரசம் குடித்தான், சுவரில் கை எழுதியது. கி.மு. 539-இல் பாபிலோன் பாரசீகர் கைக்குப் போயிற்று. கோரேஸ் ராஜா எண்ணிக் கொடுத்தனுப்பியபோது பொன்னும் வெள்ளியுமாக 5,400 பாத்திரம் என்று எஸ்றா கணக்கு வைத்திருக்கிறார். எசேக்கியா ஒவ்வொரு கதவாகக் காட்டிய இடத்தில் பாடிய அதே மெட்டில் இந்தக் கணக்கையும் பாடுவேன். இரண்டு மெட்டும் ஒன்று என்று நான் சொல்வதில்லை. தலைமையாசிரியர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இந்தக் கதை பாடிய இரவுகளில் ஒரு விசேஷம் உண்டு. எங்களைத் தங்க வைக்கிற வீட்டுக்காரர் பெரும்பாலும் விழாக் கமிட்டியில் பெரிய கை. சாப்பாடு முடிந்ததும் வீட்டைக் காட்டுவார். மாடி, தேக்குக் கதவு, வெளிநாட்டில் இருக்கிற மகன் வாங்கி அனுப்பிய சாமான்கள். இவ்வளவு நேரம் எசேக்கியாவைக் கேட்டவர்தான். எனக்கு இதில் எரிச்சலும் இல்லை, கேலியும் இல்லை. பிழைத்து எழுந்த வீட்டை யாராவது வந்தால் காட்டத்தான் செய்வார்கள். எங்கள் குழுவில் ஒரு பழக்கம் உண்டாகிவிட்டது. அப்படிக் காட்டும்போது ஜால்ராக்காரர் வீட்டுக்காரரிடம், “இதெல்லாம் கெடக்கட்டும் ஐயா, உங்களுக்குப் போன வருஷம் ஆபரேஷன் நடந்துச்சாமே, எப்படிப் பொழைச்சீங்க?” என்று கேட்பார். சிலர் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். விடிய இரண்டு மணி ஆகிவிடும். சிலர் அதை ஒரே வார்த்தையில் முடித்துவிட்டு அடுத்த அறை விளக்கைப் போடுவார்கள்.

கடைசியாக வாழி. நாடு வாழி, சபை வாழி, கேட்டோர் வாழி என்று பாடி முடிப்பது மரபு. அதற்குள் மேடைக்குச் சீட்டுகள் வந்து சேர்ந்துவிடும். ஒலிபெருக்கி உபயம் இன்னார், பந்தல் உபயம் இன்னார், அசனத்துக்கு ஆட்டுக்கிடா கொடுத்தவர் இன்னார், பெயரை வாழியில் சேர்த்துப் பாடவும். மற்றக் கதைக்கு வருகிற அளவு எசேக்கியா கதைக்கும் வரும், ஒன்றும் குறையாது. சின்ன வயதில் அண்ணாவியிடம் இதை வாசிக்கத்தான் வேண்டுமா என்று கேட்டிருக்கிறேன். “கிடா கொடுத்தவன் பேரு தெரியாட்டி சோறு எறங்குமாடே?” என்றார். நானும் வாசிக்கிறேன். ஒன்று மட்டும் செய்வேன். சீட்டுகளை வாங்கியதும், பந்தக்கால் நட்டவர்கள், தேங்காய் உடைத்தவர்கள், அண்டா கழுவுகிறவர்கள் பெயரைக் கோயில்பிள்ளையிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்வேன். எல்லாவற்றையும் ஒன்றாகக் கலைத்து, எது எந்த உபயம் என்று சொல்லாமல், கைக்கு வந்த வரிசையில் பாடிவிடுவேன். கிடா கொடுத்தவர்கள் சிலபேர் அதற்கப்புறம் எங்களைக் கூப்பிடுவதில்லை.